பஸ்மாவைப் படம் பிடித்த கதை

எங்கள் சந்தில் வைத்தியர்களுக்குப் பஞ்சமே கிடையாது. பதினேழு வீடு, பதினேழு வைத்தியர். யாரும் அதற்காகப் படித்து நேரத்தை வீணாக்கவில்லை. அதனால் நோயாளி வாயைத் திறப்பதற்குள் நோயின் பெயரைச் சொல்லிவிடும் வேகம் எல்லோரிடமும் உண்டு. மரிவேலின் கைக்கு வந்திருப்பது பஸ்மா என்று பதினேழு பேரும் ஒரே நாளில் தீர்ப்பு எழுதினோம். தீர்ப்புக்குச் சாட்சியும் இருந்தது. சாட்சி நான்தான்.

மரிவேல் சுமகாய்சாய் என் வீட்டுக்கு நேர் எதிர் வீட்டுக்காரி. இஸ்திரி போடுகிறவள். ஹாரோ பேட்டையில் எங்கள் பக்கத்துப் போலீஸ்காரரின் சட்டை, டீச்சர்களின் சீருடை, பாதிரியாரின் அங்கி எல்லாம் அவள் மேசையைத் தாண்டித்தான் வெளியே போகும். எங்கள் சந்தின் மானம் மரியாதை முழுக்க அவளுடைய வலது கையில் இருந்தது என்று சொன்னால் மிகையில்லை. ஜூன் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, பத்து மணி வரை தேய்த்துவிட்டு, கையில் சூடு ஆறாமல் நேரே குழாயடிக்குப் போய்க் குளிர்ந்த தண்ணீரில் கை கழுவினாள். நான் ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தேன், கண்ணில் பட்டுவிட்டது. இந்தச் சந்திலேயே மிகச் சுத்தமான ஜன்னல் என்னுடையது. ஒரு நாளைக்கு நாலு தரம் துடைப்பேன்.

தேய்த்த கையை நனைத்தால் பஸ்மா வரும் என்பது எங்கள் இலோயிலோ நகரத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். சூடும் குளிரும் நரம்புக்குள் போய்ச் சண்டை போடும். கை நடுங்கும், வியர்க்கும், விரல் வலிக்கும். இஸ்திரி போட்ட அன்று நாங்கள் குளிப்பதுகூட இல்லை. அப்படிப்பட்ட ஊரில் ஒருத்தி பட்டப்பகலில், பார்க்க ஆள் இருக்கும்போதே, குழாயைத் திறந்தாள் என்றால் வேறு எந்த நோய் வரும்?

ஜூலை கடைசியில் அவளுடைய விரல் கணுக்கள் வீங்கின. இரண்டு கையிலும், ஒரே மாதிரி. உடனே சந்து முழுக்கச் சிகிச்சையில் இறங்கியது. ஒருத்தி கொய்யா இலையை வேகவைத்துக் கொடுத்தாள். ஒருத்தி உப்புப் போட்ட அரிசி கழுவிய தண்ணீர் கொண்டுவந்தாள். லூர்திதா டீச்சர் தன் பேரனின் விடியற்காலைச் சிறுநீரை ஒரு குப்பியில் பிடித்து, மூடி போட்டு, சிவப்பு ரிப்பன் கட்டி அனுப்பிவைத்தார். பெரிய மனசு அவருக்கு, எதையும் சும்மா கொடுக்க மாட்டார், அலங்கரித்துத்தான் கொடுப்பார்.

இவற்றுக்கெல்லாம் மேலே மனோங் கிளிசேரியோ, சந்துக்கே அண்ணன். நரம்பு நீவுகிறவர். அவர் கட்டைவிரல் ஒன்றைப் பார்த்தாலே போதும், இஞ்சி தானாக நசுங்கிவிடும். தேங்காய் எண்ணெயைச் சூடாக்கி மரிவேலின் ஒவ்வொரு கணுவையும் வாரம் மூன்று நாள் அழுத்துவார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணீர் விடுவாள்.

"வலிக்குதா?"

"உயிர் போகுது மனோங்."

"அப்போ வேலை செய்யுது!"

வலிக்காவிட்டால் என்ன சொல்லியிருப்பார் என்று கேட்டேன். குணமாகிவிட்டது என்று சொல்லியிருப்பாராம். இப்படி ஒரு வைத்தியத்தில் தோற்கவே முடியாது.

எங்கள் தீர்ப்பை எல்லோரையும்விட இறுகப் பிடித்துக்கொண்டது மரிவேல்தான். காரணம் எனக்கு மட்டும் தெரியும். கிம்பால் ஊரில் அவளுக்கு ஓர் அத்தை இருந்தாள். அத்தையின் விரல்கள் பத்தும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, காற்றில் படுத்த நாற்று மாதிரி ஆகிவிட்டன. கடைசி எட்டு வருஷம் சோற்றைப் பிறர்தான் ஊட்டினார்கள். மரிவேலும் ஊட்டியிருக்கிறாள். பஸ்மா என்றால் போய்விடும், அத்தைக்கு வந்தது என்றால் போகாது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் யார்தான் என்ன செய்வார்கள்? அவளும் தேர்ந்தெடுத்தாள்.

சந்தின் முனையில் டாக்டர் அனலின் பால்மாரெஸ் இருக்கிறாள். மூட்டு நோய்க்கென்றே தனியாகப் படித்தவள், பெரிய ஆஸ்பத்திரியில் வேலை. உண்மையிலேயே படித்தவள் என்பதால் எங்களில் யாரும் அவளிடம் எதுவும் கேட்பதில்லை. வாரம் இரண்டு வெள்ளை அங்கி மரிவேலிடம் தேய்க்கப் போடுவாள், அவ்வளவுதான் உறவு.

ஆகஸ்டில் ஒரு நாள் டாக்டர் அந்த அங்கியைக் கையில் பிடித்துக்கொண்டு மரிவேல் வீட்டு வாசலுக்கு வந்தாள். அங்கியின் இடது கை சுருங்கிக் கிடந்தது. சண்டை என்று நினைத்து நாங்கள் ஏழெட்டுப் பேர் அவரவர் அடுப்பை அணைத்துவிட்டு ஓடினோம். டாக்டர் எங்களை ஏமாற்றிவிட்டாள். அங்கியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மரிவேலின் கையை வாங்கி, விரல் கணுக்களை இரண்டு பக்கமும் சேர்த்து, பழம் பதம் பார்ப்பது போல லேசாக அமுக்கினாள். மரிவேல் அலறிவிட்டாள்.

"காலையில எழுந்ததும் விரல் விறைப்பா இருக்கா மனாங்?" என்று அக்கா முறை வைத்துக் கேட்டாள்.

"கொஞ்ச நேரம் இருக்கும் டாக்டர்."

"கொஞ்சம்னா?"

"ஒரு அஞ்சு நிமிஷம்."

எனக்குப் பொறுக்கவில்லை. "அஞ்சு நிமிஷமாடி? ரொட்டிக்காரர் ஹாரன் அடிக்கிறப்போ எழுந்திருக்கிறே. ரேடியோவுல ஜெபமாலை முடிஞ்சு, நியூஸ் முடிஞ்சு, எங்க வீட்டு மனுஷன் ரெண்டாவது காப்பி குடிச்சு முடிக்கிற வரைக்கும் ரெண்டு கையையும் அக்குள்ல சொருகிக்கிட்டு உக்காந்திருக்கே. ஒரு மணி நாப்பது நிமிஷம் டாக்டர். நேத்து ஒன்னே முக்கால்."

"மனாங் எஸ்தெலிட்டா, எத்தனை நாளா இப்படி?"

"ஜூலை இருபதுலேர்ந்து. தற்செயலா பார்த்தது."

என்னை ஒருவர் மரியாதையோடு பார்த்தது அன்றுதான் முதல் தடவை. மரிவேல் பார்த்த பார்வையைப் பற்றி எழுதத் தேவையில்லை.

டாக்டர் முதலில் எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் எடுக்கச் சொன்னாள். எலும்பு பழுதில்லாமல் சுத்தமாக இருந்தது. ரத்தப் பரிசோதனை நோய் உண்டு என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, எங்கள் கவுன்சிலர் மாதிரி. சந்து மகிழ்ந்தது. டாக்டர் மட்டும் மகிழவில்லை.

"எலும்பு அரிச்ச பிறகுதான் மனாங் எக்ஸ்ரேல தெரியும். அரிச்ச பிறகு தெரிஞ்சு என்ன பண்றது? மூட்டைச் சுத்தி ஒரு உறை இருக்கு. அது வீங்கியிருக்கான்னு இப்பவே பார்க்கணும். ஸ்கேன் எடுக்கலாம்."

மரிவேலுக்கு ஸ்கேன் எடுக்கப் போகிறார்கள் என்று நான் ஒரே ஒருத்தியிடம்தான் சொன்னேன். ஒரு மணி நேரத்தில் மரிவேல் மாசமாக இருக்கிறாள் என்று செய்தி என் வீட்டுக்கே திரும்பி வந்தது. அவள் கணவன் கப்பலில் போய்ப் பதினொரு மாதம். யார் தகப்பன் என்பதில் சந்து இரண்டாகப் பிரிந்து நின்றது. கைக்கு ஸ்கேன் என்று நான் விளக்கியபோது ஒருவரும் நம்பவில்லை. "கையில எப்படிப் புள்ளை உண்டாகும்?" என்று லூர்திதா டீச்சர் கேட்டார். அறிவியல் டீச்சர் அவர்.

டாக்டரின் ஆஸ்பத்திரியில் முறை வர ஐந்து வாரமாகும். அதனால் டவுனில் ஒரு சின்ன ஸ்கேன் சென்டருக்கு அனுப்பினாள். துணைக்கு நான் போனேன். போகாமல் இருக்க முடியுமா?

அங்கே இருந்த ஆள் ஒரு நாளைக்கு நாற்பது வயிறு பார்க்கிறவன். குளிர்பதன அறை. மரிவேலின் கையைப் பிடித்து மேசைமேல் வைத்தான், டியூபைப் பிதுக்கினான். ஐஸ் போல ஒரு பசை கணுக்கள்மேல் சொத்தென்று விழுந்தது. மரிவேல் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"என்னம்மா?"

"இப்பத்தான் தேய்ச்சிட்டு வந்தேன்! கை சூடு! இதை வெச்சீங்கன்னா என் கதி என்ன?"

அவன் பார்வை என்மேல் திரும்பியது. நானும் கண்டிப்பாகத் தலையாட்டினேன். காலை ஒன்பது மணி வரை அவள் இஸ்திரி போட்டதை என் கண்ணால் பார்த்தேனே! இதில் விட்டுக்கொடுக்க முடியுமா? கடைசியில் அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான், அவள் முஷ்டியை இறுக்கிக்கொண்டாள். அவன் கருவியை வயிற்றில் வைத்து அழுத்துகிற மாதிரி அழுத்தினான். இரண்டு நிமிஷத்தில் படம் முடிந்தது. வீக்கமில்லை, அழற்சி இல்லை என்று தாளில் அடித்துக் கொடுத்தான்.

அன்று சந்தில் பாச்சோய் சூப் காய்ச்சினோம். இயந்திரமே சொல்லிவிட்டது, பஸ்மாதான். மனோங் கிளிசேரியோ அந்தத் தாளை வாங்கி, படிக்கத் தெரியாத பக்கத்தைக்கூட இரண்டு தரம் படித்தார். வரும் சனிக்கிழமை இரண்டு மணிக்கட்டையும் இழுத்து விட்டு வைத்தியத்தை முடித்துவிடுவதாக அறிவித்தார். மரிவேல் சிரித்தாள். ஜூலைக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். கிண்ணத்தை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துத் தூக்கினாள். விரல்கள் மடங்கவில்லை. அதை நான் மட்டும் பார்த்தேன்.

மறுநாள் டாக்டர் என் ஜன்னலடியில் வந்து நின்றாள்.

"மனாங், அவங்க இனிமே வர மாட்டேன்னுட்டாங்க. இப்படியே ஒரு வருஷம் போச்சுன்னா அந்த விரல் கோணிக்கும். கோணினதை நேராக்க என்னால முடியாது. இப்போ ஆரம்பிச்சா தடுக்க வழி இருக்கு. அந்தப் படம் எனக்குச் சரியா படலை. அங்கே என்னதான் நடந்துச்சு?"

கேட்டால் சொல்லாமல் இருக்கிற பழக்கம் எனக்கு இல்லை. ஒன்பது மணி வரை தேய்த்தது, ஐஸ் பசை, முஷ்டி, அவன் அழுத்தியது, கிம்பால் அத்தை வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"அன்னிக்குக் காலையில என்ன தேய்ச்சிட்டிருந்தாங்க?"

"உன் கோட்டுதான்."

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையில் அடித்துக்கொண்டாள். "நானும் இந்த ஊர்தானே மனாங். தேய்ச்சுட்டு நானே கை கழுவ மாட்டேன். அந்தக் குளிர்ந்த பசையைப் பத்தி யோசிக்கவே இல்லையே."

பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு சதி செய்தோம். வெள்ளிக்கிழமை பகல் சாப்பாட்டு வேளையில் அவளுடைய ஆஸ்பத்திரி இயந்திரம் ஒரு மணி நேரம் சும்மா இருக்கும், வரிசையில்லாமல் அவளே பார்த்துவிடுவாள். முந்தின நாளிலிருந்து மரிவேல் இஸ்திரிப் பெட்டியைத் தொடக் கூடாது. அது சுலபம், சந்தில் ஒருவரும் துணி போடாமல் பார்த்துக்கொள்ள நான் போதும். மனோங் கிளிசேரியோ சம்மதிக்காமல் அவள் நகர மாட்டாள் என்பதுதான் கஷ்டம். அதையும் நான் ஏற்றுக்கொண்டேன்.

"மனோங், உங்க கட்டைவிரல் எப்படி வேலை செய்யுதுன்னு டாக்டர் மெஷின்ல பார்க்கணுமாம்," என்று சொன்னேன்.

"எந்தக் கட்டைவிரல்?"

"ரெண்டும்."

அரை மணி நேரத்தில் தலைக்கு எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு, மாதா கோயிலுக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றார். சட்டை கசங்கியிருந்தது. தேய்க்கத்தான் ஆள் இல்லையே.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அந்தப் பசை டியூபை ஒரு பேசின் வெந்நீரில் போட்டு வைத்திருந்தாள். மரிவேல் ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் என்னைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். அப்புறம் மனோங்கை. மூன்று பேரும் சூடுதான் என்று சான்று கொடுத்த பிறகு கையைத் துண்டின்மேல் தளர்த்தி வைத்தாள்.

டாக்டர் பசையை மேடு மாதிரி குவித்தாள். கருவியை அதன்மேல் மிதக்க விட்டாள், தோலில் படுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. இவ்வளவு பூப்போலத் தொட்டு ஒரு வைத்தியம் உண்டா என்று மனோங் கிளிசேரியோவின் முகம் சுளித்தது. திரையில் சாம்பல் நிறத்தில் எலும்பு வளைந்து தெரிந்தது, அதன்மேல் கறுப்பாக ஒரு புடைப்பு. டாக்டர் ஒரு பொத்தானைத் தட்டினாள். அந்தப் புடைப்புக்குள் சிவப்பாகப் பொறிகள் மின்னின. ஒவ்வொரு நாடித் துடிப்புக்கும் ஊதிவிட்ட கரி மாதிரி பளிச்சிட்டுப் பளிச்சிட்டு அடங்கின.

"இந்தச் சிவப்புதான் ரத்தம். இவ்வளவு ரத்தம் இங்கே ஓடக் கூடாது. மூட்டு உறை வீங்கி எரியுது."

"பஸ்மா சூடு!" என்றார் மனோங் கிளிசேரியோ. "நான் சொல்லலையா?"

டாக்டர் கோபப்படவில்லை. "மனோங், இந்தக் கருவியை நீங்க பிடிங்க. வழக்கமா அழுத்தற மாதிரி, ஆனா கொஞ்சமா அழுத்துங்க."

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அழுத்தினார். மரிவேல் உதட்டைக் கடித்தாள். திரையில் சிவப்பு மங்கியது, ஒரு பொறிகூட இல்லாமல் அணைந்தது.

"பார்த்தீங்களா!" அறை அதிரக் கத்தினார். "போச்சு! என் கை பட்டதும் போச்சு! எஸ்தெலிட்டா, நீ சாட்சி!"

நான் சாட்சிதான். முப்பது வருஷமாக அவருக்குக் கிடைக்காத வெற்றி அந்தத் திரையில் கிடைத்திருந்தது. பிஷப் மாதிரி நின்றார்.

"இப்போ கையைத் தூக்குங்க மனோங்," என்றாள் டாக்டர்.

தூக்கினார். சிவப்பு திரும்பி வந்தது.

மறுபடி அழுத்தினார், அணைந்தது. தூக்கினார், எரிந்தது. மூன்றாம் தடவையும் செய்து பார்த்தார். நாலாம் தடவை கருவியை அழுத்தப் போனவர் நிறுத்திக்கொண்டார். தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு நின்றார். எதையும் உரக்கச் சொல்கிற மனிதர், மெதுவாகக் கேட்டார்: "அப்போ நான் அழுத்தினப்பல்லாம் இது எங்கேயும் போகலையா?"

"ரத்தக் குழாய் நசுங்கி ஓட்டம் நின்னுச்சு, அவ்வளவுதான். அன்னிக்கு அந்த சென்டர்ல எடுத்த படமும் அதேதான்."

மரிவேல் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "கிம்பால் அத்தைக்கு வந்ததுதானா டாக்டர்?"

"அதுதான்னு நினைக்கிறேன்."

"என் கையும் அப்படி ஆயிடுமா?"

அழகாக ஒரு பொய் சொல்லியிருக்கலாம், எங்கள் சந்தில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். டாக்டர் சொல்லவில்லை. "சத்தியம் பண்ண மாட்டேன் மனாங். உங்க அத்தைக்கு இந்தச் சிவப்பை யாரும் பார்க்கலை, கோணின பிறகுதான் பார்த்தாங்க. உங்க எலும்பு இன்னும் சுத்தமா இருக்கு. இப்பவே மருந்து ஆரம்பிச்சா, அப்படியே காப்பாத்த நல்ல வாய்ப்பு இருக்கு."

மரிவேல் அழவில்லை. கையில் இருந்த பசையைத் துண்டால் துடைத்தாள், ஒவ்வொரு விரலாக, நிதானமாக. பிறகு மனோங் கிளிசேரியோவைப் பார்த்து, "சனிக்கிழமை வர வேணாம் மனோங்," என்றாள். அவர் தலையாட்டினார்.

வியாழக்கிழமைக்கு வியாழக்கிழமை விழுங்க வேண்டிய மாத்திரை கொடுத்தார்கள். வாரம் ஒரு நாள் மட்டும் வேலை செய்கிற மாத்திரை எதற்கு, அரசாங்க உத்தியோகமா என்று சந்து கேலி செய்தது. முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. வியாழன் போய் வெள்ளி வந்தால் அவளுக்குக் குமட்டும். இரண்டாம் மாதம், விஷமாகக் கொடுக்கிறார்கள் என்று லூர்திதா டீச்சர் மறுபடியும் ஒரு குப்பியோடு வந்தார். மரிவேல் ரிப்பனை மட்டும் எடுத்துக்கொண்டு குப்பியைத் திருப்பிக் கொடுத்தாள்.

தீர்ப்பை நாங்கள் மாற்றிக்கொள்ளவில்லை. அவ்வளவு லேசில் மாற்ற நாங்கள் என்ன நீதிமன்றமா? இப்போது அதற்குச் சிவப்புப் பஸ்மா என்று பெயர். மனோங் கிளிசேரியோ இன்னமும் நீவுகிறார், ஆனால் வீங்கிய கணுவோடு யாராவது வந்தால் விரல் நுனியால் தொட்டுவிட்டு, "உள்ளே சிவப்பு இருக்கான்னு பார்த்துட்டு வா, அப்புறம் நான் தொடறேன்," என்கிறார்.

டாக்டர் ஒவ்வொரு ஞாயிறும் என் ஜன்னலடியில் நின்று, "எவ்வளவு மனாங்?" என்று கேட்பாள். அக்டோபரில் ஒரு மணி பத்து நிமிஷம். நவம்பரில் நாற்பது. டிசம்பரில் ரேடியோ ஜெபமாலையின் மூன்றாவது தேவ இரகசியம் முடிவதற்குள் எதிர் வீட்டில் இஸ்திரிப் பெட்டியின் விளக்கு எரிந்தது. ஜனவரி ஸ்கேனில் சிவப்பு இரண்டு பொறியாகக் குறைந்திருந்தது. முழுக்கப் போகவில்லை, மாத்திரையை விடக் கூடாது என்றாள் டாக்டர்.

எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்பு, ரொட்டிக்காரரின் ஹாரன் சத்தம் தெருமுனையைத் தாண்டுவதற்குள், மரிவேல் ஜன்னலுக்கு வந்தாள். நான் துடைத்துக்கொண்டிருந்தேன். என்னை நேராகப் பார்த்து வலது கையைத் தூக்கி முஷ்டியை மடக்கிக் காட்டினாள். விரல் மடங்குகிறது என்று காட்டினாளா, மூக்கில் குத்துவேன் என்றாளா, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. எதுவானாலும் முஷ்டி முழுசாக மடங்கியிருந்தது. டாக்டரிடம் சொல்லிவிட்டேன்.

மறுநாள் அந்த ஜன்னலில் திரை தொங்கியது. தடித்த நீலத் துணி, ஒரு சுருக்கம் இல்லை, ஓரத்தில் லூர்திதா டீச்சரின் ரிப்பன் வேறு. ஊசியில் நூல் கோத்து, நெருக்கமாகத் தையல் போட்டு, பன்னிரண்டு சின்னக் கொக்கியையும் அவளே மாட்டியிருக்கிறாள். அதையும் டாக்டரிடம் சொல்லிவிட்டேன்.